குரோமெட் வைத்த காது: தெரிவதைத் துடையுங்கள், தெரியாததைத் தொடாதீர்கள்

காதில் குழாய் வைத்துக் குழந்தையை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு வரும் முதல் சனிக்கிழமையில்தான் சிக்கல் ஆரம்பிக்கும். பாட்டி நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கிண்ணத்தில் எடுத்து வருவார். "காதுல ரெண்டு சொட்டு விட்டுத் தலைக்கு ஊத்திடுறேன், உள்ள இருக்கிற சளியெல்லாம் எளகிடும்" என்பார். வேண்டாம் என்றால் மனத்தாங்கல். சரி என்றால் காதுக்குக் கேடு. அந்த இடத்தில் என்ன சொல்வது, பிறகு என்ன செய்வது என்பதற்கான அத்தியாயம் இது.

இங்கே சொல்லியிருப்பவை குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதியவை. குரோமெட் வைத்துக்கொண்ட பெரியவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். உங்கள் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஏதாவது ஒன்றை மாற்றிச் சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள். அந்தக் காதை நேரில் பார்த்தவர் அவர்.

## தெரிந்துகொள்ள வேண்டிய அளவு மட்டும்

காதுத் துளையின் கடைசியில் செவிப்பறை என்ற மெல்லிய சவ்வு இருக்கிறது. அதற்குப் பின்னால் நடுக்காது. நடுக்காதுக்குக் காற்று, மூக்கின் பின்புறத்திலிருந்து ஒரு குழாய் வழியாக வருகிறது. சின்னக் குழந்தைகளுக்கு இந்தக் குழாய் குட்டையாகவும் படுக்கைவாக்கிலும் இருப்பதால் சளி பிடித்தால் எளிதில் அடைத்துக்கொள்ளும். உள்ளே நீர் தேங்கிக் காது மந்தமாகும். அல்லது அடிக்கடி சீழ் பிடிக்கும். மருத்துவர் செவிப்பறையில் சிறு கீறல் போட்டு, தேங்கியதை உறிஞ்சி எடுத்துவிட்டு, கீறல் மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு குட்டிக் குழாயைச் செருகுகிறார். திரைச்சீலையில் கம்பி நுழைவதற்குப் பதித்திருக்கும் வளையத்தைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே வடிவம், பெயரும் அதேதான்: குரோமெட். நடுவிலுள்ள துளை சுமார் 1 மில்லிமீட்டர்.

இரண்டு விஷயங்களை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒன்று: இதுவரை செவிப்பறை மூடிய கதவாக இருந்தது. எண்ணெயோ தண்ணீரோ அதோடு நின்றது. இப்போது அந்தக் கதவில் ஓர் ஓட்டை இருக்கிறது. காலம்காலமாகக் காதில் எண்ணெய் விட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று பாட்டி சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது மூடிய கதவின் கதை.

இரண்டு: காதுத் துளை தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். செவிப்பறையிலிருந்து வாசலை நோக்கித் தோல் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். குறும்பியையும் தூசியையும் சேர்த்தே வெளியே தள்ளிவரும். வாசலுக்கு வந்ததைத் துடைப்பது மட்டும்தான் நம் வேலை.

இந்த இரண்டையும் சேர்த்தால் இந்த அத்தியாயத்தின் ஒரே விதி கிடைக்கும்: கண்ணுக்குத் தெரிவதைத் துடையுங்கள், தெரியாததைத் தொடாதீர்கள்.

## தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை

மூடியுள்ள ஒரு டப்பாவில் இவற்றைப் போட்டுத் தனியாக வையுங்கள்.

- நைந்து மெத்தென்று ஆன பழைய பருத்தி வேட்டித் துணி. கொதிநீரில் அலசி, நல்ல வெயிலில் உலர்த்தி, உள்ளங்கையில் பாதி அளவுத் துண்டுகளாகக் கத்தரித்தது.
- சுத்தமான பஞ்சு.
- பெட்ரோலியம் ஜெல்லி.
- சிறிய டார்ச். கைபேசி வெளிச்சமும் போதும்.
- மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும், சொட்டு மருந்து.
- ஒரு சின்ன நோட்டு. எந்தத் தேதியில் எந்தக் காது ஒழுகியது, என்ன நிறம், எத்தனை நாள் மருந்து என்று குறிக்க. அடுத்த முறை மருத்துவர் கேட்கும்போது "போன மாசம்னு நினைக்கிறேன்" என்று இழுக்க வேண்டியிருக்காது.

வீட்டிலிருந்து அப்புறப்படுத்த வேண்டியவையும் உண்டு: பட்ஸ், ஊக்கு, ஹேர்பின், தீக்குச்சி, கோழி இறகு, காது குடையும் கரண்டி. இப்போது இணையக் கடைகளில் முனையில் கேமரா வைத்த காது குடையும் கருவி கிடைக்கிறது. திரையில் தெரிவதால் எல்லாம் நம் கட்டுப்பாட்டில் இருப்பதாகத் தோன்றும். குழந்தை ஒரு முறை தலையைத் திருப்பினால் போதும், அந்த முனை செவிப்பறையில் இடிக்கும். அதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

## முதல் வாரம்

1. முதல் 2, 3 நாட்கள் காதிலிருந்து தெளிந்த நீரோ லேசாக ரத்தம் கலந்த நீரோ வரலாம். வெளியே வந்ததை மட்டும் துணியால் ஒற்றி எடுங்கள்.
2. சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தால், சொன்ன நாள் வரை விடுங்கள். எழுதவில்லை என்றால் நீங்களாக வாங்க வேண்டாம். எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை.
3. குக்கர் விசிலுக்கும் மிக்சி சத்தத்துக்கும் குழந்தை திடுக்கிட்டு அழலாம். பல மாதங்கள் மந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்த காதுக்குத் திடீரென்று எல்லாம் உரக்கக் கேட்கிறது. சில நாட்களில் பழகிவிடும்.
4. தலைக்கு எப்போது ஊற்றலாம், நீச்சலுக்கு எப்போது போகலாம் என்று வீட்டுக்குக் கிளம்பும் முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு வாரம் பொறுக்கச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு.
5. நான்காம் நாளும் ஒழுகினால், அல்லது புது ரத்தம் வந்தால், மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.
6. மறுபரிசோதனைத் தேதியை நாள்காட்டியில் வட்டமிடுங்கள். முதல் 3 மாதத்துக்குள் ஒரு முறை காட்ட வேண்டும். குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்பதை வீட்டிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

## தினசரிச் சுத்தம்: காது உலர்ந்திருக்கும்போது

ஒழுகாத காதுக்கு அரை நிமிட வேலைதான்.

1. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
2. துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, சொட்டாத அளவுக்கு இறுகப் பிழியுங்கள்.
3. காது மடலின் மடிப்புகளையும் காதுக்குப் பின்புறத்தையும் துடையுங்கள்.
4. துணியை உங்கள் சுண்டுவிரல் நுனியில் சுற்றி, காதுத் துளையின் வாசலை மட்டும் ஒரு சுற்றுத் துடையுங்கள். விரல் தானாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள், அழுத்தித் திருகாதீர்கள்.
5. உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

பொதுவான தவறு: வெளியே குறும்பி கொஞ்சம் தெரிந்ததும், "உள்ளே இன்னும் இருக்கும்" என்று பட்ஸைத் தேடுவது. பட்ஸ் எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதுதான் அதிகம். தள்ளப்பட்ட குறும்பி குழாயின் வாயில் போய் அடைத்தால், வைத்த குழாய் வைக்காததற்குச் சமம்.

## குளியலும் தண்ணீரும்

குரோமெட் வைத்த காதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக் கூடாது என்று ஒருவர் சொல்வார். நீச்சலுக்கே போகலாம் என்று இன்னொருவர் சொல்வார். இருவரும் வேறு வேறு காலத்து அறிவுரையைச் சொல்கிறார்கள். முன்பெல்லாம் எல்லாக் குழந்தைகளுக்கும் காதடைப்பான் கட்டாயம் என்றார்கள். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அமைப்பு 2013இல் வெளியிட்டு 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதலோ, எல்லோருக்கும் வழக்கமாக அது தேவையில்லை என்கிறது. துளை மிகச் சிறியது. சாதாரணத் தண்ணீர் அழுத்தம் இல்லாமல் அதன் வழியே எளிதில் நுழைவதில்லை.

மூன்று விஷயங்கள் அந்தக் கணக்கை மாற்றும்: சோப்பு, அழுத்தம், அழுக்கு. சோப்பு நீர் சிறு துளையிலும் சுலபமாகப் புகும். அழுத்தம் நீரை உள்ளே தள்ளும். அழுக்கு நீர் கிருமியைக் கொண்டுபோகும்.

வாளிக் குளியல். சொம்பால் மெதுவாக ஊற்றுவதில் பெரிய ஆபத்தில்லை. ஷாம்பு, சீயக்காய் போடும்போது தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றினால் நுரை காதுப் பக்கம் வராது. ஷவரின் தாரையை நேராகக் காதில் பாய்ச்ச வேண்டாம்.

காலில் போட்டுக் குளிப்பாட்டுவது. முகத்துக்கும் காதுக்கும் நேராகத் தண்ணீர் அடிப்பது, கடைசியில் காதிலும் மூக்கிலும் வாய் வைத்து ஊதுவது இரண்டையும் நிறுத்துங்கள். ஊதும்போது வாயிலுள்ள கிருமியும் ஈரமும்தான் உள்ளே போகும்.

எண்ணெய்க் குளியல். எண்ணெய் உச்சந்தலைக்கு மட்டும். காதுக்கு அருகே விரலால் தொட்டுத் தடவினால் போதும், ஊற்றக் கூடாது. தேய்ப்பதற்கு முன் இப்படிச் செய்யுங்கள்:

1. சின்ன நெல்லிக்காய் அளவு பஞ்சை உருட்டிக்கொள்ளுங்கள்.
2. அதன் வெளிப்பக்கத்தில் பெட்ரோலியம் ஜெல்லியைப் பூசுங்கள்.
3. காதுக் கிண்ணத்தில், துளையின் வாசலை மூடும்படி வையுங்கள். துளைக்குள் திணிக்காதீர்கள்.
4. குளித்து முடித்ததும் எடுத்துவிடுங்கள். எடுக்க மறந்த பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

நீச்சல் குளம். குளோரின் போட்டுப் பராமரிக்கும் குளத்தில், தண்ணீர்மட்டத்தில் நீந்தலாம். ஆழத்தில் முங்குவதும் உயரத்திலிருந்து குதிப்பதும் வேண்டாம்.

ஆறு, ஏரி, கிணறு, கோவில் குளம். தேங்கிய நீரிலும் கலங்கிய ஆற்று நீரிலும் தலை முங்க வேண்டாம். போயே ஆக வேண்டுமென்றால் காதடைப்பான் போட்டு, கழுத்துவரை நனைத்து வாருங்கள்.

அருவி. குற்றாலத்தில் உச்சந்தலையில் விழும் நீரின் வேகத்தைச் சொல்லத் தேவையில்லை. குழாய் காதில் இருக்கும்வரை குழந்தையை ஓரச் சாரலில் நிறுத்துங்கள். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவதும் இதே கணக்குதான். கைப்பிடி அளவு தெளித்துக்கொண்டாலும் தீர்த்தம் தீர்த்தமே.

காதடைப்பான் யாருக்குக் கட்டாயம்? தண்ணீர் பட்டாலே வலி என்று சொல்லும் குழந்தைக்கு. ஒவ்வொரு குளியலுக்கும் பிறகு காது ஒழுகும் குழந்தைக்கு. மருத்துவர் குறிப்பாகச் சொன்ன குழந்தைக்கு. மென்மையான சிலிக்கோன் அடைப்பானை வாசலில் வைத்து, அதன் மேல் நீச்சல் தலைப்பட்டை போடுங்கள். கழன்றால் சின்னக் குழந்தைகள் வாயில் போட்டு மூச்சடைக்கும் ஆபத்து உண்டு. போட்டிருக்கும் நேரமெல்லாம் கண் அங்கேயே இருக்கட்டும்.

## காது ஒழுகினால்: திரி வைத்து உலர்த்தும் முறை

சளி பிடித்த இரண்டொரு நாளில் காதிலிருந்து மஞ்சளாக நீரோ சீழோ வந்தால் பதற வேண்டாம். குழாய் கெட்டுப்போய்விட்டது என்று பொருளில்லை. முன்பு உள்ளேயே தேங்கி வலியும் காய்ச்சலுமாகப் படுத்தியது இப்போது வெளியே வர வழி கிடைத்து வருகிறது. பெரும்பாலும் வலிகூட இருக்காது. மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்லுங்கள். அதற்கிடையில் காதை உலர வையுங்கள். சீழ் நிறைந்த காதில் விடும் மருந்து சீழின் மேல்தான் மிதக்கும், உள்ளே இறங்காது.

விளக்குக்குத் திரி உருட்டத் தெரிந்தவருக்கு இந்த வேலை பாதி தெரிந்ததுபோலத்தான்.

1. கைகளைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள்.
2. குழந்தையை மடியில் உட்காரவைத்து, தலையை உங்கள் மார்பில் சாய்த்து ஒரு கையால் அணைத்துப் பிடியுங்கள். திமிறும் குழந்தையென்றால் துண்டால் கைகளோடு சேர்த்துச் சுற்றிவிடுங்கள். இன்னொருவர் துணைக்கு இருக்கட்டும்.
3. வெளியே காய்ந்து ஒட்டியிருப்பதை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடையுங்கள். பிய்க்காதீர்கள்.
4. உலர்ந்த வேட்டித் துணித் துண்டை முனை கூராக வரும்படி திரியாக உருட்டுங்கள். உள்ளே குச்சியோ ஈர்க்கோ எதுவும் வேண்டாம்.
5. மடலை லேசாக இழுத்தால் துளை நேராகும். 3 வயதுக்குக் கீழே என்றால் கீழும் பின்னுமாக. அதற்கு மேல் என்றால் மேலும் பின்னுமாக.
6. திரியின் நுனியை வாசலில் வையுங்கள். சுமார் 1 சென்டிமீட்டர் போதும். லேசாகத் தடை பட்டாலோ குழந்தை முகம் சுளித்தாலோ அங்கேயே நிறுத்துங்கள்.
7. அரை நிமிடம் அப்படியே விடுங்கள். துணி தானாக உறிஞ்சிக்கொள்ளும்.
8. எடுத்துப் பாருங்கள். நனைந்திருந்தால் எறிந்துவிட்டுப் புதுத் திரி. திரி உலர்ந்து வரும்வரை திரும்பச் செய்யுங்கள்.
9. நிறத்தையும் தேதியையும் நோட்டில் குறியுங்கள். கைகளைக் கழுவுங்கள்.

ஒழுக்கு இருக்கும்வரை நாளுக்கு 3 முறையாவது செய்யலாம். நீச்சல் கிடையாது, தலைக்கு ஊற்றும்போது ஜெல்லி பூசிய பஞ்சு கட்டாயம்.

பொதுவான தவறுகள்:

- ஒரே திரியைத் திருப்பித் திருப்பிப் பயன்படுத்துவது. ஒரு காதில் வைத்ததை மறு காதில் வைப்பது.
- சாப்பாட்டு மேசை டிஷ்யூவை உருட்டி விடுவது. நனைந்ததும் கிழிந்து உள்ளே தங்கிவிடும்.
- பள்ளிக்கு அனுப்பும்போது அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று காதைப் பஞ்சால் இறுக அடைப்பது. சீழ் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே ஊறும்.
- பீச்சாங்குழலால் நீர் அடித்துக் கழுவுவது. குரோமெட் இருக்கும் காதில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. மருத்துவமனையில் யாராவது செய்ய முற்பட்டாலும் "உள்ளே குரோமெட் இருக்கிறது" என்று முந்திக்கொண்டு சொல்லுங்கள்.

## சொட்டு மருந்து விடும் முறை

குழாய் வழியே ஒழுகும் காதுக்குச் சொட்டு மருந்துதான் முதல் சிகிச்சை. நேராகப் புண்ணின் மேலேயே விழுவதால், வாய்வழி மருந்து கொண்டுசேர்ப்பதைவிடப் பல மடங்கு அதிக மருந்து அங்கே சேர்கிறது. குழந்தை மற்றபடி நன்றாக இருந்தால், ஒழுக்குக்காக மட்டும் ஆன்டிபயாடிக் மாத்திரையோ ஊசியோ பொதுவாகத் தேவைப்படாது. ஆஃப்லாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகைச் சொட்டுகளைத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். ஒரு வேளைக்கு 4 அல்லது 5 சொட்டு, நாளுக்கு 2 வேளை, 7 முதல் 10 நாள் என்பது வழக்கமான அளவு. உங்கள் சீட்டில் இருப்பதே உங்களுக்கான அளவு.

1. குப்பியின் பெயரை வெளிச்சத்தில் வாசியுங்கள். வீட்டில் பசைக் குப்பியும் கண் மருந்தும் காது மருந்தும் ஒரே அளவில், ஒரே அலமாரியில் இருக்கும். தூக்கக் கலக்கத்தில் கையில் வந்ததை எடுத்துவிடாதீர்கள்.
2. குப்பியை உள்ளங்கையில் 1, 2 நிமிடம் பொத்தி வைத்திருங்கள். குளிர்ந்த மருந்து தலையைச் சுற்ற வைக்கும். சுடுநீரில் போட்டுச் சூடாக்க வேண்டாம்.
3. முந்தின பகுதியில் சொன்னபடி திரியால் காதை உலர்த்துங்கள்.
4. மருந்து விட வேண்டிய காது மேலே இருக்கும்படி குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.
5. வயதுக்கேற்றபடி மடலை இழுத்துப் பிடித்து, எண்ணிச் சொட்டுங்கள். குப்பியின் முனை காதில் படக் கூடாது.
6. காதுத் துளைக்கு முன்னால், கன்னத்தை ஒட்டி ஒரு சின்ன மேடு இருக்கும். அதை விரலால் 4, 5 முறை மெல்ல அமுக்கி விடுங்கள். பம்ப் அடிப்பதுபோல மருந்து குழாய் வழியாக உள்ளே இறங்கும்.
7. அப்படியே சில நிமிடம் படுத்திருக்கட்டும். ஒரு சின்னக் கதை சொல்லி முடிக்கும் நேரம்.
8. வெளியே வழிந்ததைத் துடையுங்கள். மறு காதுக்கும் மருந்து உண்டென்றால் திருப்பிப் படுக்கவைத்து அதே வரிசை.

"தொண்டையில கசக்குதும்மா" என்று குழந்தை முகத்தைச் சுளித்தால் கவலை வேண்டாம். மருந்து குழாய் வழியாக நடுக்காதுக்குப் போய், அங்கிருந்து தொண்டைக்கு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள்.

பொதுவான தவறுகள்:

- ஆறாவது படியை விட்டுவிடுவது. அமுக்காமல் விட்ட மருந்து வெளித்துளையிலேயே நின்றுவிட்டு, எழுந்ததும் தலையணையில் வழியும்.
- ஒழுக்கு நின்ற அன்றே மருந்தையும் நிறுத்துவது. எழுதிய நாள் வரை விடுங்கள்.
- நேர்மாறாக, "இருக்கட்டுமே" என்று வாரக்கணக்கில் விட்டுக்கொண்டே இருப்பது. கேட்காமல் 10 நாளைத் தாண்டாதீர்கள். ஈரமும் மருந்தும் சேர்ந்து காதில் பூஞ்சை பிடிக்க இடம் கொடுக்கும். அரிப்பும், வெள்ளையாகவோ கருப்பாகவோ புள்ளிகளும் தெரிந்தால் காட்டுங்கள்.
- போன வருடக் குப்பியை மீண்டும் திறப்பது. திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதி, லேபிளில் சொன்ன காலம் முடிந்ததும் எறிந்துவிடுங்கள்.

மருந்து ஆரம்பித்த சில நாட்களில் ஒழுக்கு குறையத் தொடங்க வேண்டும். 7 நாளைத் தாண்டியும் நிற்கவில்லையென்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சில சமயம் அங்கே இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்த பிறகுதான் மருந்து உள்ளே போகும்.

## காதில் விடக் கூடாதவை

மருந்துக் கடையில் "காதுவலிக்கு ஒரு சொட்டு குடுங்க" என்று பொதுவாகக் கேட்டால் கடைக்காரர் எதையாவது எடுத்துத்தான் கொடுப்பார். கேட்கும் முன் குழாய் இருப்பதைச் சொல்லுங்கள்.

- ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டுகள். நடுக்காதுக்குள் இறங்கினால் உட்காதைத் தாக்கிக் கேட்கும் திறனையே பாதிக்கக்கூடிய வகை.
- குறும்பியை இளக்கும் சொட்டுகள். இவற்றில் பலவற்றில் டர்பென்டைன் எண்ணெய் போன்றவை உண்டு. மூடிய செவிப்பறைக்காகச் செய்யப்பட்டவை.
- மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த வலிச் சொட்டுகள். உள்ளே இறங்கினால் கடும் தலைசுற்றலும் வாந்தியும் வரலாம்.
- ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், வினிகர். எரிச்சலூட்டும்.
- நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், துளசிச் சாறு, தாய்ப்பால். எதுவும் கிருமி நீக்கப்பட்டதல்ல. எண்ணெய் குழாயையும் அடைக்கும்.

## குறும்பி அதிகமாகச் சேர்ந்தால்

குறும்பி அழுக்கல்ல, தோலைக் காக்கும் பூச்சு. வாசலை மறைக்கும் அளவுக்குச் சேர்ந்தாலோ, கேட்பது குறைந்தாலோ மட்டும் காட்டினால் போதும். மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்தபடி உறிஞ்சியோ சிறு கருவியால் எடுத்தோ சுத்தம் செய்வார். பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் காது சுத்தம் செய்வதாகக் கூப்பிடுபவரிடம் குரோமெட் வைத்த காதைக் காட்டவே கூடாது.

## பள்ளி, பயணம், காது குத்து

பள்ளி. வகுப்பாசிரியரிடமும் நீச்சல் பயிற்சியாளரிடமும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்: எந்தக் காது, தண்ணீரில் என்ன செய்யலாம், ஒழுகினால் யாரைக் கூப்பிட வேண்டும்.

பயணம். விமானத்திலும் கொடைக்கானல், ஊட்டி மலைப்பாதையிலும் மற்றவர்களுக்குக் காது அடைக்கும். குழாய் திறந்திருக்கும் காதுக்கு அந்தத் தொல்லை இருக்காது. அழுத்தம் தானாகவே சமமாகிவிடும்.

காது குத்து. குத்துவது மடலில், குழாய் இருப்பது உள்ளே. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ஆனாலும் காது ஒழுகும் சமயத்தில் நாள் குறிக்காதீர்கள். குலதெய்வக் கோவிலில் மொட்டையும் காது குத்தும் சேர்ந்து நடக்கும்போது, மொட்டைத் தலையைக் குளத்தில் முக்குவதற்குப் பதில் வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீரை ஊற்றுங்கள்.

மூக்கு. காதுப் பராமரிப்பின் பாதி மூக்கில் இருக்கிறது. ஒவ்வொரு நாசியாக, மெதுவாகச் சிந்தச் சொல்லுங்கள். புட்டிப்பாலைப் படுக்கவைத்துக் கொடுக்காதீர்கள். வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகை கூடவே கூடாது.

## குழாய் விழும்போது

சாதாரணக் குரோமெட் பெரும்பாலும் 6 முதல் 18 மாதம் வரை இருக்கும். தோல் வெளியே நகரும்போது அதுவும் சேர்ந்து நகர்ந்து, குறும்பியில் சிக்கித் தானாக வெளியே வரும். பலருக்கு விழுந்ததே தெரியாது. நீண்ட காலத்துக்கென்று வைக்கும் வேறு வகைக் குழாய்களும் உண்டு. உங்கள் குழந்தைக்கு வைத்தது எது என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. தலையணையில் கிடந்தால் எடுத்துப் பொட்டலம் கட்டி வைத்து, அடுத்த முறை காட்டுங்கள். அவசரமில்லை.
2. காதுத் துளையில் தொங்குவதுபோலத் தெரிந்தால் இழுக்காதீர்கள். பாதி இன்னும் செவிப்பறையில் இருக்கக்கூடும்.
3. விழுந்தது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் சுமார் 6 மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போய்வாருங்கள். செவிப்பறைத் துளை பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். சாதாரணக் குரோமெட் வைத்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் மூடாமல் நிற்கிறது. அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.
4. மூடிவிட்டது என்று அவர் சொல்லும்வரை இந்த அத்தியாயத்தின் விதிகள் அனைத்தும் தொடரும்.

## உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

- காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கி, மடல் முன்பக்கமாகத் தள்ளி நிற்பது.
- முகத்தின் ஒரு பக்கம் கோணுவது.
- நிற்க முடியாத தலைசுற்றல், ஓயாத வாந்தி.
- கடும் காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, அல்லது எழுப்பினாலும் விழிக்காத மயக்கம்.
- காதில் அடிபட்டு, அல்லது ஏதாவது குத்தி, ரத்தம் வருவது.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் திரி, சொட்டு எதுவும் வேண்டாம், நேராக மருத்துவமனைக்கு. வண்டி இல்லையென்றால் 108. ரத்தம் கலந்த சீழ், நாற்றம், கேட்பது திடீரென்று குறைவது ஆகியவற்றை ஓரிரு நாளுக்குள் காட்டினால் போதும்.

## வேலையைப் பிரித்துக் கொடுங்கள்

குழந்தையைக் கவனிப்பவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை என்றால், நீங்கள் ஒருவர் மட்டும் இதைப் படித்துப் பயனில்லை. கீழே உள்ளதை எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டுங்கள்.

1. காதுக்குள் எதையும் ஊற்றாதே, ஊதாதே, விடாதே.
2. வெளியே தெரிவதை மட்டும் துடை.
3. ஒழுகினால் முதலில் திரி, பிறகு சொட்டு, பிறகு அமுக்கு.
4. எந்த மருந்தும் சீட்டைப் பார்த்து மட்டும்.

இனி அந்தக் கிண்ணத்தோடு வரும் பாட்டிக்கு. "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் நீங்கள் இல்லாத நாளில் எண்ணெய் காதுக்குப் போய்விடும். எண்ணெயைத் தலைக்குத் தேய்க்கச் சொல்லுங்கள். காதுக்கு வேறு வேலை கொடுங்கள்: கார்த்திகைக்குத் திரி உருட்டிப் பழகிய கை அது. முனை கூராக, நடுவில் இறுக்கமாக, உங்களைவிட அழகாக உருட்டுவார். சனிக்கிழமைதோறும் பத்துத் திரி உருட்டி டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.